வெடிமருந்துக் கொம்பும் வேட்டைப் பையும் – கையால் செய்கிறவர்கள் இங்கே யாராவது உண்டா?

கொம்பூதி:

பென்சில்வேனியாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பிழைப்பு கணினியில், விரலுக்கு வேலை உண்டு, கைக்கு இல்லை. போன வருஷம் லான்காஸ்டர் பக்கத்தில் உள்ள லாண்டிஸ் வேலி அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போனேன். எல்லோரும் நீளக் குழல் துப்பாக்கிகளைச் சுற்றி நிற்க, நான் மாட்டிக்கொண்டது ஒரு மாட்டுக் கொம்பில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1700களில் அப்பலாச்சியன் மலையோரம் குடியேறியவர்களும் வேட்டைக்குப் போனவர்களும் வைத்திருந்தது குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. கரிமருந்து ஒரு மாட்டுக் கொம்பில் இருக்கும். குண்டு, துணி, சக்கிமுக்கிக் கல் எல்லாம் ஒரு சின்னத் தோல் பையில். இரண்டும் தோளில் குறுக்கே தொங்கும்.

இரண்டையும் செய்து பார்த்தேன். கொம்பின் நுனியில் துளை போடும்போது துரப்பணம் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்த்தது. அடிப்பக்கத்தை உருண்டையாக்க எண்ணெயில் சூடாக்கினேன், கருகிப் பிளந்துவிட்டது. வீட்டில் மூன்று நாள் அந்த நாற்றம். பை மட்டும் முடிந்தது, படம் இணைத்திருக்கிறேன். 12 அங்குலம் அகலம், உள்ளே நாலு அறை. எப்படி இருக்கிறது?

தோல்கிழவர்:

தம்பி, பையைப் பார்த்தேன். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்களா?

கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் முதலில் இதைத்தான் செய்வோம். என் முதல் பையில் கைப்பேசிக்குத் தனி அறை இருந்தது. கென்டக்கியில் இருக்கிறேன். லெக்சிங்டனில் வருஷா வருஷம் நடக்கும் நீளத் துப்பாக்கிச் சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் போய்த்தான் கண் திறந்தது. பழைய பைகள் ஏழு, எட்டு அங்குலத்தைத் தாண்டினாலே பெரிசு. வலது முழங்கைக்குக் கீழே, விலாவை ஒட்டி, உயரமாகத் தொங்கும். ஓடினால் ஆடக் கூடாது, குனிந்தால் முன்னே வந்து விழக் கூடாது. உள்ளே கை நுழைந்தால் தேடாமல் பொருள் கிடைக்க வேண்டும். இருபது குண்டு, கொழுப்புத் தடவிய துணித்துண்டு, உபரியாக இரண்டு மூன்று சக்கிமுக்கிக் கல், ஒரு திருகாணி முடுக்கி, குழலுக்குள் தீ போகிற வத்தித்துளையைக் குத்தும் ஊசி, துப்பாக்கி துடைக்கக் கொஞ்சம் சணல் பிசிறு. அவ்வளவுதான். மருந்து அளக்கும் குப்பி பெரும்பாலும் மான்கொம்பு நுனியில் குடைந்தது. அது வெளியே வாரில் தொங்கும்.

ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். இப்போது அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பவர்களிடமும் இருக்கிற பைகளில் பெரும்பாலானவை 1800களைச் சேர்ந்தவை. 1770இல் தோளில் தொங்கிய பை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு. துப்பாக்கியைப் பேரன் வரை வைத்திருப்பார்கள்; கிழிந்த தோல் பையை யார் வைத்திருப்பார்? அதனால் ‘இதுதான் அசல் வடிவம்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

இனி கொம்பு. துளை விஷயத்தில் நீங்கள் அளக்காமல் இறங்கிவிட்டீர்கள். கொம்பின் உள்ளே இருக்கும் குழி நுனி வரை போகாது. கடைசிச் சில அங்குலம் கெட்டி. ஒரு மெல்லிய கம்பியை அடிவழியாக உள்ளே விட்டு, முட்டுகிற வரை தள்ளி, அந்த நீளத்தை வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்துக் குறியுங்கள். அந்தக் குறிக்கும் நுனிக்கும் நடுவில் வளைவு எவ்வளவு என்று பாருங்கள். நேர்கோட்டில் போகிற துரப்பணம் வளைந்த கொம்பில் எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியும். வளைவு அதிகமென்றால் நுனியை இன்னும் வெட்டிக் குறையுங்கள். நீளம் போய்விடுமே என்று அழ வேண்டாம். பக்கத்தில் ஓட்டை விழுந்த உங்கள் கொம்பையும் அந்த இடத்தோடு வெட்டினால் சிறு கொம்பாகப் பிழைக்கும்.

எண்ணெய்: 160 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறுத்த வேண்டும். மிட்டாய்ப் பாகு பார்க்கிற வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவு வேண்டவே வேண்டாம். கொம்பில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். முதல் தடவை செய்கிறவருக்கு நான் எண்ணெயே சொல்ல மாட்டேன். கொதிக்கிற தண்ணீரில் அடிப்பக்கத்தை மட்டும் நன்றாக ஊறவிடுங்கள். அதற்கு முன்பே அரத்தாலும் சுரண்டியாலும் அந்த இடத்தை மெல்லிசாக்கியிருக்க வேண்டும். கெட்டியான சுவர் வளையாது. இளகியதும் கூம்பு வடிவ மரக்கட்டையை உள்ளே அழுத்தி, அப்படியே ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் வட்டமாகியிருக்கும். பிறகு அடிப்பக்கத்தை அடைக்கிற நிரந்தர அடித்தக்கை: பைன், வால்நட், செர்ரி, எதுவானாலும் நன்றாக உலர்ந்த மரம். சுற்றிலும் மர ஆணி, இடுக்கில் தேன்மெழுகு.

காங்கேயன்:

ஐயா, எனக்கு வேட்டையெல்லாம் தெரியாது. ஆனால் கொம்பு தெரியும், எங்கள் வீட்டில் காளை உண்டு. எருமைக் கொம்பில் செய்யலாமா? பளபளவென்று கறுப்பாக வருமே.

தோல்கிழவர்:

செய்யலாம், ஆனால் இந்த வேலையின் பாதி அழகு போய்விடும். அமெரிக்கக் குடியேறிகள் மாட்டுக் கொம்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. லேசு, தண்ணீர் புகாது, உரசினால் பொறி பறக்காது. வெளிர்நிறக் கொம்பை மெல்லிசாகச் சுரண்டினால் வெளிச்சத்தில் பிடித்தவுடன் உள்ளே மருந்து எதுவரை இருக்கிறது என்பது நிழலாகத் தெரியும். எருமைக் கொம்பு தட்டையாக, முக்கோண வாக்கில் இருக்கும், உள்ளேயும் இருட்டு. உங்கள் வீட்டுக் காளையைவிட ஏர்மாட்டின் கொம்பு நல்லது. காயடித்த மாட்டுக்குக் கொம்பு நீண்டு வளரும். அந்தக் கால அமெரிக்கப் பண்ணைகளில் வண்டி இழுத்ததும் ஏர் உழுததும் அத்தகைய மாடுகள்தான், கொம்புக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று. இடக் கொம்பும் வலக் கொம்பும் ஒன்றல்ல. வாங்கும்போது இடுப்பில் வைத்துப் பாருங்கள். உடம்பைத் தழுவுகிற மாதிரி வளைவு இருந்தால் அந்தப் பக்கத்துக்கு அது. தழுவாத கொம்பு நாள் முழுக்க விலாவில் குத்தும்.

காங்கேயன்:

ஏர்மாட்டுக் கொம்பு நீளம் என்பது சரிதான், எங்கள் தாத்தாவும் சொல்வார். மற்றபடி கேட்டதற்கு மன்னிக்கவும், எங்கள் காளை கொம்போடு நூறு வருஷம் இருக்கட்டும்.

வன்னியான்:

ரொறொன்ரோவிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஊரில் இதே சாதித் துவக்குக்கு இடியன் என்று பெயர். மருந்தைப் போட்டுக் கம்பியால் இடிக்கிறபடியால் இடியன். சின்ன வயதில் வன்னியில் பார்த்த ஆள்கள் மருந்தை எதில் வைத்திருந்தார்கள் என்று நினைவில்லை, போத்தல் என்றுதான் மனதில் நிற்கிறது. இங்கே எல்லைக்கு அங்கால நயாகராக் கோட்டையில் கோடையில் 1750களின் சண்டையை நடித்துக் காட்டுவார்கள். அங்கேதான் முதன்முதல் கொம்பைக் கையில் பிடித்தேன்.

எனக்கு அங்கே சொல்லித்தந்த முதல் பாடத்தை இந்த இழையில் ஒருவரும் இன்னும் எழுதவில்லை. கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் மருந்தைக் கொட்டவே கூடாது. முந்தின வெடியின் கனல் துணுக்கு ஒன்று உள்ளே கிடந்தால், கொம்பு முழுக்கக் கையிலேயே வெடிக்கும். கொம்பிலிருந்து அளவுக் குப்பிக்கு, கொம்பை மூடு, பிறகுதான் குப்பியிலிருந்து குழலுக்கு. 70 கிரெயின் (பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு ஒரு கிரெயின்) அளவு என்றால் ஒரு பவுண்டில் 100 வெடி. அவ்வளவும் ஒரே நேரம் கையில் வெடிப்பதை யோசித்துப் பாருங்கோ.

அதோடு, பழங்கொம்பு சந்தையில் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் துளைபோடவோ சூடாக்கவோ இறங்க வேண்டாம். உள்ளே பழைய மருந்து கட்டியாக ஒட்டியிருக்கலாம். கரிமருந்துக்கு வயதாவதில்லை.

கொம்பூதி:

அண்ணை, நன்றி. நான் சுடுவதாக இல்லை, செய்வதோடு சரி. ஆனாலும் மகள் வீட்டில் இருக்கிறாள், இதைச் சொல்லி வைப்பது நல்லது.

பை பற்றிச் சொன்னதில் மனசு கொஞ்சம் சுருங்கிவிட்டது, உண்மையைச் சொன்னால். பிரித்துவிட்டேன். அந்தத் தோலிலேயே இரண்டு சின்னப் பை வெட்டலாம். ஆனால் தோல் எனக்குப் பிடிக்கவில்லை. இணையத்தில் வாங்கியது, மரப்பட்டையில் பதனிட்டது என்று போட்டிருந்தார்கள். வெட்டிய விளிம்பு நீலச் சாம்பலாக இருக்கிறது, மடித்தால் ரப்பர் மாதிரித் துள்ளுகிறது.

ஊசிநூல்:

அது குரோம் தோல், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்டது. வெட்டின இடத்தில் நீலம் தெரிந்தாலே சந்தேகம் வேண்டாம். பட்டையில் பதனிட்டதென்றால் விளிம்பு உள்வரைக்கும் பழுப்பாக இருக்கும். மடித்த இடத்தில் மடிப்பு நிற்கும். ஈரப்படுத்தினால் சொன்னபடி கேட்கும்.

நான் திண்டுக்கல். எங்கள் குடும்பமே தோல் ஷாப்பில் இருந்தது. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்த தோல் இங்கிருந்து மதராஸ் வழியாகக் கப்பல் ஏறியது. பிறகு வாட்டில் பட்டை வந்தது, அதன் பிறகு பெரும்பாலும் குரோம். உங்கள் நாட்டு எல்லைப்புறத்தில் ஓக் பட்டை. மரம் வேறே தவிர வேலை ஒன்று: பட்டையின் துவர்ப்பு தோலுக்குள் இறங்க வேண்டும், அதற்குக் குழியில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும்.

பைக்கு மில்லிமீட்டர் ஒன்று, ஒன்றரைக்குள் கனம் போதும். தைக்கிற முறை சொல்கிறேன். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. குத்தூசியால் துளை போட்டு, ஒரு ஊசி இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம், இரண்டும் ஒரே துளையில் எதிரெதிராகப் போய் வரும். ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாது. அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழுந்தால் கௌரவம். பையை உள்வெளியாக வைத்து, ஓரத்தில் ஒரு மெல்லிய தோல் பட்டியை நடுவில் கொடுத்துத் தைத்து, ஈரமாக்கித் திருப்புங்கள். திருப்புவதற்குள் உயிர் போய் உயிர் வரும். மூலைகளுக்கு மரக் கரண்டிக் காம்பு, ஸ்க்ரூ டிரைவர் கூடாது; நான் ஒரு தடவை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி மூலையைக் கிழித்தேன்.

கறுப்பு வேண்டுமா? துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். அந்தத் தண்ணீரைப் பட்டைத் தோலில் தடவியதும் கண் முன்னாலேயே கறுக்கும். சாயமே இல்லை, தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை. நம் ஊரில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி எண்ணெய் போடுங்கள். இல்லாவிட்டால் புளிப்பு தோலைத் தின்றுவிடும். பழுப்பு போதுமென்றால் அந்த ஊர் வால்நட் காய்த் தோடு இருக்கிறது. அதை உரித்தால் கையிலும் ஒரு மாசம் பழுப்பு நிற்கும்.

சந்தேகி:

எல்லாம் படித்தேன், அருமை. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். இந்த வேலை செய்கிறவர்களின் படங்களைப் பார்த்தால் பாதிப் பேர் புதுப் பையைச் செய்துவிட்டு அதைத் தேய்த்து, கிழித்து, ஒட்டுப்போட்டு, 250 வருஷப் பழசு மாதிரி ஆக்குகிறார்கள். கொம்பை மஞ்சளாக்க ஏதேதோ ஊற்றுகிறார்கள். இது கைவினையா, கள்ள நோட்டா? 1775இல் எல்லைப்புற வேட்டைக்காரர் டேனியல் பூன் கென்டக்கிக்குப் பாதை வெட்டிக்கொண்டு போனபோது அவர் கூட்டத்தில் இருந்தவர்களின் பைகளில் சில புதுசாகத்தானே இருந்திருக்கும்? புதுப் பையைப் புதுப் பையாகச் செய்தால் என்ன குறைச்சல்?

தோல்கிழவர்:

இந்தச் சண்டை லெக்சிங்டனில் வருஷா வருஷம் மேசைக்கு மேசை நடக்கிறது, இப்போது நம்மிடமும் வந்துவிட்டது. வரட்டும்.

பழசாக்குகிறவர்களில் மூன்று சாதி. நடிப்புக்காகச் செய்கிறவர், பழைய பொருளின் முகம் பிடித்துப்போய்ச் செய்கிறவர், விற்று ஏமாற்றுகிறவர். மூன்றாமவருக்காக முதல் இரண்டு பேரை வைவது நியாயமில்லை. ஆனால் அவர்கள் கையை விட்டுப் போன பொருள் நாலு கை மாறினால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்வி நியாயம்தான். செதுக்கிய கொம்புகளில் போலிகள் உண்டு. பழைய கொம்பு அசலாகவே இருக்கும், மேலே உள்ள வரைபடமும் வருஷமும் பிற்பாடு கீறியதாக இருக்கும்.

என் வழக்கம்: அடித்தக்கையின் உட்புறத்தில், ஆணி அடிப்பதற்கு முன், என் பெயரும் வருஷமும் சூட்டுக்கோலால். பையில் உள்துணிக்குப் பின்னால். திறந்து பார்க்கிறவனுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

மற்றபடி போலியைப் பிடிக்கிறதும் கஷ்டமில்லை. கள்ளன் எல்லா இடத்தையும் சமமாகத் தேய்ப்பான். நிஜத் தேய்மானம் சோம்பேறி, வேலை நடக்கிற இடத்தில்தான் இருக்கும். கொம்பின் உடம்புப் பக்கம் சட்டையில் உரசி உரசிக் கண்ணாடியாகியிருக்கும், வெளிப்பக்கத்தில் சுரண்டிய தடம் இன்னும் நிற்கும். கழுத்தில் வார் கட்டுகிற பள்ளத்தின் ஒரு ஓரம் மட்டும் வழவழப்பாகியிருக்கும். பையின் மூடியில் கட்டைவிரல் படுகிற ஒரே இடம் கறுத்திருக்கும். மூடியின் நடுவில் அழகாக ஒரு கிழிசலும் அதன் மேல் அழகாக ஒரு ஒட்டும் பார்த்தால் நான் சிரிப்பேன்.

சந்தேகி:

கையெழுத்து உள்ளே இருந்தால் எனக்குச் சம்மதம். ஆனால் அந்த ஒட்டுப்போட்ட பைகளின் மேல் எனக்குக் காதல் வரப்போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓலைச்சுவடி:

செதுக்கலைத் தொட்டீர்கள். இன்னும் கொஞ்சம் எழுதுங்கள், ஐயா.

தோல்கிழவர்:

எல்லோரும் நினைக்கிற மாதிரி மலையோர வேட்டைக்காரன் கொம்பில் படம் நிறைய இருந்திருக்காது. சுரண்டிய கொம்பு, கழுத்தில் இரண்டு மோதிர வளையம், முடிந்தது. படமும் எழுத்தும் செழித்தது வடக்கே, படை முகாம்களில். 1754இலிருந்து 1763 வரை பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் நியூயார்க் பக்கத்து ஜார்ஜ் ஏரிக்கரையிலும் எட்வர்ட் கோட்டையிலும் சிப்பாய்கள் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கையில் கத்தி, மடியில் கொம்பு. இன்னார் கொம்பு, இன்ன இடம், இன்ன தேதி என்று எழுதி, கோட்டை, ஏரி, ஆறு எல்லாம் வரைந்து, கீறலில் கரிப்புகையோ மையோ தேய்த்தார்கள். எழுத்துப்பிழைகள் ஏராளம், காதில் விழுந்தபடி எழுதியவை.

அதில் எனக்குப் பிடித்தவர் ஜான் புஷ். மாசசூசெட்ஸ் மாநிலம் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த சுதந்திரக் கறுப்பினத்தவர், குடிப்படைச் சிப்பாய். எழுத்தின் வாலைச் சுழற்றிக் கொடியாக்கி விடுகிற அவர் கைப்பாணியை அவருக்குப் பின் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1757 ஆகஸ்டில் ஜார்ஜ் ஏரிக்கரையில் இருந்த வில்லியம் ஹென்றிக் கோட்டை விழுந்தபோது பிடிபட்டு, விடுதலையாகாமலேயே இறந்துபோனார்.  அடுத்தவர்களுக்கு அவர் செதுக்கிய கொம்புகள் இன்னும் நிற்கின்றன. டைகான்டெரோகாக் கோட்டை அருங்காட்சியகத்தில் கொம்புத் தொகுப்பு பெரிசு. நியூயார்க் பக்கம் போகிறவர்கள் விடாதீர்கள்.

பென்சில்வேனியாக்காரருக்கு ஒரு செய்தி: உங்கள் மாநிலத்தின் பெருமை செதுக்கலில் இல்லை, கடைசலில். நுனியைக் கழற்றி மாட்டுகிற திருகு வைத்த கொம்புகள் உங்கள் ஊர்க் கடைசல்காரர்கள் செய்தவை. கொம்பு என்றாலே குடியானவன் ராத்திரி அடுப்படியில் செய்தது என்று நினைக்க வேண்டாம். காசு கொடுத்துக் கடையில் வாங்கியதும் நிறைய.

ஓலைச்சுவடி:

ஒரு துணுக்கு, நம் பக்கத்துச் சம்பந்தம் இருக்கிறதே என்று. கரிமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். பிரிட்டிஷ் மருந்துக்கு அந்த வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து கம்பெனிக் கப்பலில் லண்டன் போனது. ஜார்ஜ் ஏரிக்கரைக் கொம்புக்குள் பாட்னாப் பக்கத்து மண் உப்பு இருந்திருக்க வாய்ப்பு நிறைய. 1774இல் காலனிகளுக்கு மருந்து ஏற்றுமதியை லண்டன் தடுத்தது. அதன் பிறகு இவர்கள் சொந்தமாக உப்புக் காய்ச்சவும் பிரெஞ்சுக்காரர்களிடம் கையேந்தவும் வேண்டியதாயிற்று.

கொம்பூதி:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். இரண்டாவது கொம்பு முடிந்தது.

கம்பி விட்டு அளந்தேன். நுனியில் இரண்டு அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது, கை நடுங்கியது, வெட்டினேன். துளை நேராக இறங்கிக் குழியில் போய் விழுந்தபோது வந்த அந்தத் ‘தொபுக்’ உணர்வை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. சுரண்டுவதற்கு உடைந்த கண்ணாடித் துண்டு, முகத்தில் தூசு முகமூடி. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, வாடையும் முடி கருகிய வாடை. கடைசியாகச் சாம்பலும் எண்ணெயும் கலந்து துணியால் தேய்த்தேன். ஜன்னலில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது. மூடிக்கு, மகள் பழைய வயலினில் கழற்றிப் போட்ட பிருடை, தந்தி முறுக்குகிற மரக் குமிழ். இங்கே பலரும் அதைத்தான் செருகுகிறார்களாம், வடிவமும் அச்சாகப் பொருந்துகிறது.

பை ஏழரைக்கு எட்டு அங்குலம். ஊசிநூல் சொன்னபடி தைத்தேன். அங்குலத்துக்கு எட்டு விழவில்லை, ஆறுதான், சில இடத்தில் ஐந்து. திருப்பும்போது ஒரு மூலை இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. வந்த வரைக்கும் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பிரச்சினை. போன வாரம் வீட்டில் ஹீட்டர் போட ஆரம்பித்தோம். நேற்றுக் காலையில் பார்த்தால் அடித்தக்கைக்கும் கொம்புக்கும் நடுவில் நகம் நுழைகிற அளவு இடைவெளி. மரம் சுருங்கிவிட்டது. ஆணி பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் உள்ளே ஊதினால் காற்று வருகிறது. தக்கையைக் கழற்றுவதா, அப்படியே மெழுகு உருக்கி விடுவதா?

தோல்கிழவர்:

மரத்தைக் கடையிலிருந்து வாங்கி நேரே கடைந்திருப்பீர்கள். வீட்டுக்குள் இரண்டு மாதம் போட்டு வைத்துவிட்டுக் கடைந்திருக்க வேண்டும். இப்போது கழற்ற வேண்டாம். தேன்மெழுகை உருக்கி, கொம்பின் அடியைத் தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கி, இடுக்கில் விடுங்கள், தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். பழைய கொம்புகளிலும் இதே இடத்தில் மெழுகுக் கறை பார்த்திருக்கிறேன்.

தக்கைக்கு உள்பக்கம் பெயர் எழுதினீர்களா?

கொம்பூதி:

மறந்துவிட்டேன்.

சந்தேகி:

பார்த்தீர்களா!

கொம்பூதி:

அப்படியானால் கழற்றித்தான் ஆக வேண்டும். மூன்றாவது கொம்பு சாம்பார் வைக்கிற பெரிய குண்டானில் கொதித்துக்கொண்டிருக்கிறது, அடுப்பு கராஜில். மனைவி புதுக் குண்டான் வாங்கிவிட்டாள்.